ஐந்து பேர், ஐயாயிரம் ரூபாய்: விதிப்புத்தகத்தை அச்சில் வாங்குவதா, திரையில் வாங்குவதா?

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தோம். நடுவில் ஓர் எவர்சில்வர் தாம்பாளம். பகடை உருண்டு படி வழியாகக் கீழே போய்விடக் கூடாது என்று அதில்தான் உருட்டுவோம். கதைப்படி நாங்கள் ஒரு பாழடைந்த கோட்டையின் நிலவறையில் மாட்டியிருந்தோம். எலும்புக்கூடு ஒன்று வாளை ஓங்கிவிட்டது. மந்திரவாதியாக ஆடுகிறவனுக்குத் தன் மந்திரம் எவ்வளவு தூரம் பாயும் என்பது மறந்துவிட்டது. செல்லை எடுத்துத் தேட ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கூடவே வைஃபையும்.

“ஏல, என்ன ஆச்சு?”

“சுத்திக்கிட்டே கெடக்குல. இரு.”

எலும்புக்கூடு பத்து நிமிஷம் வாளை ஓங்கியபடியே நின்றது. அம்மா கொண்டுவந்து வைத்த சுண்டல் தீர்ந்த பிறகுதான் விடை வந்தது: அறுபது அடி.

அன்று இரவே ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டோம். ஐயாயிரம் சேர்ந்தது. இத்தனை நாள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததை வைத்தே ஓட்டியாயிற்று, இனி முறையாக விதிப்புத்தகம் வாங்குவோம் என்று முடிவு. எப்படி வாங்குவது என்பதில்தான் முடிவு வரவில்லை. அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்று இரண்டு பேர். இந்தக் காலத்தில் போய்க் காகிதமா என்று இரண்டு பேர். ஐந்தாவது ஆள் நான், கதை நடத்துகிறவன், அதாவது கேம் மாஸ்டர். கணக்குப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. டேபிள்டாப் ஆர்பிஜி என்றால் ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, இதற்குத் தலைப்பிள்ளை. நாங்கள் ஆடுவதும் அதைத்தான். தாயக்கட்டைக்கு ஆச்சி வாயால் சொன்னால் போதும். இதற்கு முந்நூறு, நானூறு பக்கம் வேண்டியிருக்கிறது.

முதலில் விலை. டி அண்ட் டிக்கு அடிப்படை நூல்கள் மூன்று: ஆடுகிறவர்களுக்கு ஒன்று, நடத்துகிறவருக்கு ஒன்று, பூதம் பிசாசுகளுக்கு ஒன்று. 2024 செப்டம்பரில் வந்த புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 384 பக்கம், அமெரிக்க விலை 49.99 டாலர். மற்ற இரண்டும் அதே விலைதான். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால்கூட ஒரு புத்தகம் 4,250 ரூபாய், மூன்றும் சேர்ந்து 12,750. எங்கள் கையில் இருப்பது ஐயாயிரம். அதே புத்தகம் டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் டிஜிட்டலாக 29.99 டாலர், அதாவது 2,550 ரூபாய்க்குப் பக்கம். வெளிநாட்டுத் தளத்தில் கார்டு தேய்த்தால் பெரும்பாலான வங்கிகள் இரண்டு முதல் மூன்றரை சதவீதம் வரை தனியாக எடுத்துக்கொள்ளும், அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. இதைச் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

அச்சுப் புத்தகத்துக்கு விலையோடு கதை முடியாது. ஒரு கிலோவுக்குக் குறையாத எடை. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் கூரியர்க் கட்டணம் சில சமயம் புத்தக விலையையே எட்டிப் பிடிக்கும். போதாததற்கு 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்க வரியும் போட்டார்கள். ஆகவே அச்சில்தான் வேண்டும் என்றால் இந்தியாவுக்குள் இருப்பு வைத்திருக்கிறவர்களிடம் வாங்குவது நல்லது. நம்மூர்க் கடையில் போய்ப் புரட்டிப் பார்த்து வாங்கலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். பொருநை நெல்லைப் புத்தகத் திருவிழாவில் நான் அரங்கு அரங்காகச் சுற்றியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு கடையில் வாய்விட்டே கேட்டேன். “ரூல் புக்கா சார்? இந்தா இருக்கு” என்று மோட்டார் வாகன விதிகளை எடுத்துத் தந்தார் அந்தப் பையன். அவன் மேல் தப்பில்லை.

ஆன்லைனில் வாங்கினால் வேறு ஒரு தொல்லை. முன்பு ஒருமுறை வேறு ஓர் ஆட்டத்துக்காக நான் வாங்கிய கெட்டி அட்டை விதிப்புத்தகம் வெறும் பிளாஸ்டிக் உறைக்குள் வந்து சேர்ந்தது. மூலை நசுங்கி, முதுகு விட்டிருந்தது. மாற்றித் தரச் சொன்னால் இருப்பு இல்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். மூலை நசுங்கிய புத்தகமே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஆட்டம் நடக்கும்போது அச்சுப் புத்தகத்துக்கு ஈடு இல்லை என்பது என் கட்சி. காரணம் வாசிப்புச் சுகம், தாள் வாசனை என்று ஆட்கள் சொல்லுகிற சமாச்சாரம் இல்லை. புத்தகத்தில் தேடும்போது ஒருவர்தான் தேடுகிறார், மற்ற நான்கு பேரும் கதைக்குள்ளேயே இருக்கிறார்கள். செல் என்று வந்துவிட்டால் ஒருவன் எடுத்ததும் ஐந்து பேரும் எடுப்பார்கள். ஒருவன் மந்திரம் தேடுவான், ஒருவன் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பான், இன்னொருவன் வாட்ஸ்அப்பில் தங்கச்சிக்குப் பதில் போடுவான். எல்லாரையும் திரும்ப நிலவறைக்குள் இழுத்துக்கொண்டு வருவது நான்தான்.

இன்னொன்று, புத்தகத்துக்கு விரல் பழகும். நசுங்கிய மூலைக்காரப் புத்தகத்தைச் சும்மா தரையில் வைத்தாலே சண்டை அத்தியாயத்தில் தானாகத் திறந்துகொள்ளும். மல்லுக்கட்டும் விதி இருக்கிற பக்கத்தில் பஜ்ஜி எண்ணெய் வட்டம் இருக்கிறது. யாரும் பக்க எண் சொல்வதில்லை, “பஜ்ஜிப் பக்கத்தைத் திருப்பு” என்றால் போதும். அப்புறம் புதிதாக வருகிறவர்கள். என் சித்தப்பா மகன், ஏழாம் வகுப்பு, முதல் நாள் வந்தபோது ஒரு விதியும் படிக்கவில்லை. படங்களைப் புரட்டிக்கொண்டே போய் ஒரு குள்ளனைக் கண்டதும் விரலை வைத்தான். “நான் இவன்தான்.” இருபது நிமிஷத்தில் அவனுக்குப் பேர், கோடாலி, தீராத கடன் எல்லாம் வந்துவிட்டது. செல் திரையில் அந்தப் புரட்டல் நடக்காது.

காகிதத்துக்கு எதிரான வாதத்தை எங்களில் ஒருவன் கையிலேயே வைத்திருக்கிறான். அவன் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றை ஒட்டி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனது. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. அவன் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பாட்டியையும் கேஸ் சிலிண்டரையும் மாடிக்கு ஏற்றுகிற நேரத்தில் அலமாரியின் கீழ்த்தட்டை யார் பார்ப்பார்கள்? கால் ஆஃப் குதுலூ என்ற இன்னோர் ஆட்டத்தின் விதிநூல் அங்கேதான் இருந்தது.

பாடப் புத்தகம் நனைந்தால் அலை அலையாகக் காயும், படித்துக்கொள்ளலாம். இந்த நூல்கள் பெரும்பாலும் பளபளப்பான ஆர்ட் பேப்பர். அதன் மேலிருக்கும் மண்பூச்சு நனைந்து காயும்போது பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மச்சில் ஒரு வாரம் வெயிலில் வைத்தான். செங்கல் மாதிரி ஆகிவிட்டது. இப்போதும் அவன் வீட்டுக் கதவுக்கு அதுதான் முட்டு. இதில் தெரிந்துகொள்ள ஒரு விஷயம் உண்டு. அந்த ஆட்டத்தை 1981 முதல் வெளியிட்டுவரும் கேயாசியம் நிறுவனம், தன் தளத்தில் அச்சுப் புத்தகம் வாங்குகிறவர்களுக்குப் பிடிஎஃப்பைச் சும்மாவே தருகிறது. சுவீடனின் ஃப்ரீ லீக்கும் தன் கடையில் இப்படித்தான் தருகிறது. இவன் வேறு ஒருவரிடம் பழைய புத்தகமாக வாங்கியதால் அது கிடைக்கவில்லை. அச்சில் வாங்குவதென்றால், கூடவே பிடிஎஃப் வருமா என்பதை முதலில் கேளுங்கள். வருகிற இடத்தில் இருநூறு முந்நூறு கூடுதலானாலும் தரலாம்.

சரி, டிஜிட்டல் பக்கம் வருவோம். எங்கள் சண்டையில் எல்லாரும் தப்பாகப் பேசிய இடம் இதுதான். டிஜிட்டல் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கை விற்கிறார்கள். ஒன்று, பிடிஎஃப் கோப்பு. வாங்கினால் நம் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், பென்டிரைவில் போடலாம், நெட் இல்லாமல் திறக்கலாம். இன்னொன்று, ஒரு தளத்துக்குள் போய் மட்டுமே படிக்கிற உரிமை. முதலாவது சொந்த வீடு, இரண்டாவது ஒத்தி. வீட்டுக்காரர் நல்லவராக இருக்கிறவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

டி அண்ட் டியின் இப்போதைய அடிப்படை நூல்களை அதன் வெளியீட்டாளரான விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் பிடிஎஃப்பாக விற்பதில்லை. டிஜிட்டலில் வேண்டுமென்றால் தளங்கள்தான். பழைய நூல்களை ஒரு காலத்தில் பிடிஎஃப்பாக விற்றார்கள். 2009 ஏப்ரலில் ஒரே அடியாக நிறுத்தினார்கள். விற்பனை மட்டுமல்ல, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்கிற வசதியும் போயிற்று. 2013-ல்தான் பழைய நூல்கள் திரும்ப விற்பனைக்கு வந்தன. கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அடுத்தது 2024 ஆகஸ்ட். புதிய பதிப்பு வரப்போகிறது, ஆகவே டி அண்ட் டி பியாண்டின் கேரக்டர் ஷீட்டில், அதாவது பாத்திரத்தின் விவரத் தாளில், பழைய மந்திரங்கள், மந்திரப் பொருட்கள் இருக்கிற இடத்தில் இனிப் புதியவை வரும் என்று அறிவித்தார்கள். பழையதைக் காசு கொடுத்து வாங்கி, பாதி ஆட்டத்தில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். சில நாளிலேயே முடிவை வாபஸ் வாங்கினார்கள், அது நல்ல விஷயம்தான். ஆனாலும் என் அலமாரியில் இருக்கிற புத்தகத்தின் வரிகளை ராத்திரியோடு ராத்திரியாக ஒருவர் மாற்ற முடியும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அதே வருஷம் ஒரு புத்தகத்திலிருந்து வேண்டிய ஒரு பகுதியை மட்டும் சில்லறையாக வாங்குகிற வசதியையும் அங்கே எடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற சின்னப் பட்ஜெட்காரர்களுக்கு அதுதான் பிடிப்பாக இருந்தது.

தளத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. பாத்திரம் உருவாக்குவது அங்கே அவ்வளவு சுலபம். கூட்டல் கழித்தல் எல்லாம் தானே நடக்கும். ஒருவர் வாங்கி, மாதச் சந்தாவில் மேல்தட்டுத் திட்டத்தை எடுத்தால் ஆட்டத்தில் இருக்கிற மற்றவர்களும் அதே புத்தகத்தைப் பார்க்கலாம். சென்னையில் ஒருவர், துபாயில் ஒருவர், தென்காசியில் ஒருவர் என்று பிரிந்து கிடந்து இரவு பத்து மணிக்கு ஆன்லைனில் ஆடுகிற குழுவாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். சந்தா என்பதால் ஒரு எச்சரிக்கை மட்டும்: 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்ததிலிருந்து, வெளிநாட்டுச் சந்தாக்கள் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் என்று நம்பி இருக்க முடியாது. ஆட்டத்துக்கு முந்தின நாள் சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற ஆன்லைன் மேசைகளில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அச்சில் வாங்கியது தளத்தில் திறக்காது. ஒரு தளத்தில் வாங்கியது பெரும்பாலும் அடுத்த தளத்துக்கு வராது. ஒரே புத்தகத்தை மூன்று முறை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். முதலில் எந்த மேசை என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் புத்தகம்.

கோப்பாகக் கிடைக்கிற பிடிஎஃப்பில் எனக்குப் பிடித்தது தேடல். இருநூறு மந்திரங்களுக்குள் ஒன்றை நாலு எழுத்து அடித்துப் பிடித்துவிடலாம். 2014 பதிப்பு பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் பின்பக்கச் சொல்லடைவைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எறும்பு சைஸ் எழுத்து, அதிலும் பாதி “அங்கே போய்ப் பார்” என்று அலைக்கழிக்கும். வாரநாளில் ஜங்ஷன் பஸ்ஸில் நின்றுகொண்டே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான கதையைத் தயார் செய்வதற்கும் பிடிஎஃப்தான் வசதி. ஆனால் செல்லில் படிக்கக் கண் வேண்டும். பெரும்பாலான விதிநூல்கள் ஏறக்குறைய ஏ4 அளவில், இரண்டு பத்தியாக அச்சுக்காக வடிவமைத்தவை. ஆறு அங்குலத் திரையில் பெரிதாக்கி, வலப்பக்கம் தள்ளி, கீழே இழுத்து, மறுபடி மேலே போய்… பத்து அங்குல டேப் இருந்தால் பரவாயில்லை. அதற்காக டேப் வாங்கப் போனால் ஐயாயிரமும் அதற்கே போய்விடும்.

இந்த இடத்தில்தான் எங்கள் குழுவில் யாரும் யோசிக்காத மூன்றாவது வழி வந்தது. ஜெராக்ஸ் கடை.

பாளையங்கோட்டையில் கல்லூரிகள் அதிகம், அதனால் ஜெராக்ஸ் கடைகளும் அதிகம். ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய், மொத்தமாக எடுத்தால் இன்னும் குறைப்பார்கள். நான் கொண்டுபோனது எஸ்ஆர்டி 5.1. டி அண்ட் டியின் 2014 பதிப்பு விதிகளின் சாரத்தை வெளியீட்டாளரே தொகுத்து, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது அது. 403 பக்கம், காசில்லை, மூலத்தைக் குறிப்பிட்டால் நகல் எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். ஆக, ஜெராக்ஸ் எடுப்பதில் மனசாட்சி உறுத்தல் எதுவும் இல்லை.

கடை அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“தம்பி, இது என்ன கோர்ஸ்?”

“படிப்பு இல்ல அண்ணாச்சி, வெளையாட்டு.”

“வெளையாட்டுக்கா இம்புட்டுப் பக்கம்?” கொஞ்ச நேரம் யோசித்தார். “பெயிலாக்குவானா?”

“ஆளக் கொன்னுருவான் அண்ணாச்சி.”

“அப்பம் ஸ்பைரல் போட்டுருதேன். கிழியாது.”

நாலைந்து முறை போய்வந்ததில் கற்றுக்கொண்டது இது. 403 பக்கத்தையும் எடுக்காதீர்கள். ஒருவருக்குத் தேவைப்படுவது சண்டை விதி, தன் பாத்திர வகுப்பு (போர்வீரன், மந்திரவாதி மாதிரி), தன் மந்திரங்கள். நாற்பது பக்கத்துக்குள் அடங்கிவிடும். மந்திரம் இல்லாத போர்வீரன் என்றால் இருபதே போதும். இடது ஓரத்தில் அரை அங்குலம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்பைரல் துளை முதல் எழுத்துகளைத் தின்றுவிடும். பழைய ஓலை மாதிரி பழுப்புப் பின்னணி போட்ட பிடிஎஃப்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்தால் பக்கம் முழுக்கச் சாம்பல் அடித்து ஒன்றும் தெரியாது. சில வெளியீட்டாளர்கள் பின்னணியை அணைத்துவிடும் வசதியோ, அச்சுக்கென்று வெள்ளைத் தாள் வடிவமோ தருகிறார்கள். வாங்கும் முன் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஏ5 அளவில் வந்த சின்ன நூல்களோ இதற்கென்றே செய்ததுபோல. கெய்ர்ன் என்ற ஆட்டத்தின் முதல் பதிப்பு 24 பக்கம்தான். முன்பின் அடித்து நடுவில் மடித்தால் ஏ4 தாள் ஆறு. நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின், புத்தகம் தயார். டீ விலை.

காசு கொடுத்து வாங்கிய பிடிஎஃப் என்றால் கதை வேறு. டிரைவ்த்ருஆர்பிஜி போன்ற கடைகளில் வாங்கினால் பக்கத்தின் அடியில் வாங்கியவர் பெயரும் ஆர்டர் எண்ணும் பொடி எழுத்தில் பதிந்து வரும். சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி அச்சிட்டுக்கொள்வது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பழக்கம். ஐந்து பேருக்கு ஐந்து முழுப் பிரதி போடுவது அப்படி இல்லை. இன்னொன்று, அந்தக் கோப்பைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் பெயரோடு அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

டெலிகிராமில் எல்லாம் சும்மா கிடைக்கிறதே என்று எங்களில் ஒருவன் கேட்டான். கிடைக்கிறது. சட்டப்படியே சும்மா கிடைப்பது இவ்வளவு இருக்கும்போது திருட்டுப் பிரதி எதற்கு என்பது என் பதில். பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் வெளியீட்டாளரின் ஒப்புதலோடு இலவசம். கெய்ர்ன், பேசிக் ஃபேண்டசி இரண்டும் பிடிஎஃப் இலவசம், அச்சு வேண்டுமென்றால் அடக்க விலை. தனியாளாக ஆட விரும்புகிறவர்களுக்கு அயர்ன்ஸ்வார்ன் இருக்கிறது, அதுவும் இலவசம். ஊரில் கூட்டு சேர ஆள் கிடைக்காதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

எஸ்ஆர்டியில் குறையும் உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு கிளைதான். பாத்திரத்தின் பின்னணி என்று முழுப் புத்தகத்தில் பத்துக்கு மேல் இருக்கும்; எஸ்ஆர்டி 5.1-ல் இருப்பது ஒன்றே ஒன்று, அகோலைட், அதாவது கோயில் பணியாள். எங்கள் முதல் ஆட்டத்தில் நான்கு வீரர்களும் கோயில் பணியாளர்கள். நெல்லையப்பர் கோயில் வாசலில் ஆருத்ரா தரிசனத்துக்கு நிற்கிற கூட்டம் மாதிரிதான் நிலவறைக்குள் போனோம். அலுத்துவிட்டது. ஆக, ஏதாவது ஒரு முழுப் புத்தகம் வேண்டும் என்பது அப்போதே தெரிந்துபோனது.

மொழி விஷயம் ஒன்று பாக்கி. இந்த நூல்கள் நமக்குக் கிடைப்பது ஆங்கிலத்தில்தான். எங்களில் இரண்டு பேர் தமிழ் மீடியம், சித்தப்பா மகனையும் சேர்த்தால் மூன்று. நானூறு பக்க ஆங்கிலம் அவர்களுக்கு விளையாட்டு இல்லை, தண்டனை. கோப்பாக இருந்ததால், அதுவும் மொழிபெயர்க்க உரிமம் இருந்ததால், தேவையானதை எடுத்து இரண்டு பக்கத் தமிழ்த் தாள் ஒன்று செய்தேன். ஹிட் பாயிண்ட்டுக்கு ‘உயிர்’ என்று போட்டேன், ஒட்டிக்கொண்டது. சேவிங் த்ரோவுக்கு மெனக்கெட்டுத் ‘தப்பிப்பு உருட்டல்’ என்று எழுதினேன். முதல் நாளே பொறி வெடித்தபோது ஒருவன் கத்தினான்: “தப்பிச்சுக்கோ போடுல!” அன்றிலிருந்து அது ‘தப்பிச்சுக்கோ’தான். ‘அறிவுத் தப்பிச்சுக்கோ’, ‘உடம்புத் தப்பிச்சுக்கோ’ என்று ஆறு இருக்கிறது. தளத்துக்குள் பூட்டிக் கிடக்கிற புத்தகத்தையோ அச்சுப் புத்தகத்தையோ வைத்து இதைச் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழில் ஆட நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே திறந்த உரிமக் கோப்பின் பக்கம் சாயப் போதும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்ததில், எங்கள் மாதிரி நேரில் உட்கார்ந்து ஆடுகிற, கரண்ட் போகிற, காசு குறைந்த குழுவுக்கு நான் சொன்னது இதுதான்: மேசைக்கு ஒரே ஒரு அச்சுப் புத்தகம். நடத்துகிறவருக்குக் கோப்பு. ஆடுகிறவர்களுக்கு ஜெராக்ஸ். தளத்தில் மட்டும் திறக்கிற புத்தகம் வேண்டாம்.

எந்தப் பதிப்பு என்பதில் கொஞ்சம் இழுபறி. புதியதுதான் வேண்டும் என்றான் ஒருவன். புதிய பதிப்புக்கும் எஸ்ஆர்டி இருக்கிறது, 5.2, 2025 ஏப்ரலில் வந்தது, அதே உரிமம். கையில் பத்தாயிரம் இருந்தால் அதற்கே போயிருப்போம். ஆனால் 2024-க்குப் பிறகு பலர் பழைய பதிப்பைக் கைமாற்றி விட ஆரம்பித்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற கல்லூரித் தோழன் ஒருவன் வழியாக 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் தபால் செலவோடு 1,900 ரூபாய்க்குக் கிடைத்தது. முதுகு உறுதியாக இருக்கிறதா, பக்கம் பிரிகிறதா என்று வீடியோ காலில் புரட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் பணம் போட்டேன். எங்களிடம் இருந்த எஸ்ஆர்டி 5.1-ம் இதுவும் ஒரே விதி. அச்சில் ஒன்று, கோப்பில் ஒன்று என்று இரண்டும் வேறு வேறு பதிப்பாக இருந்தால் மேசையில் தினமும் வக்கீல் வாதம்தான், அதை மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.

மீதிக் கணக்கு: ஜெராக்ஸும் ஸ்பைரலும் 640. பத்து டாலருக்கு ஒரு சாகசக் கதை பிடிஎஃப், கார்டு பிடித்தம் சேர்த்து 880 பக்கம். பகடை இரண்டு செட் 900. பூதங்களுக்குத் தனிப் புத்தகம் வாங்கவில்லை, எஸ்ஆர்டியில் இருப்பதே ஒரு வருஷத்துக்குத் தாங்கும். 680 ரூபாய் தாம்பாளத்துக்கு அடியில் ஒரு கவரில் இருக்கிறது.

புத்தகம் முறை வைத்து ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுக்குப் போகும் என்பது ஏற்பாடு. இந்த வாரம் சிந்துபூந்துறைக்காரன் முறை. போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது எடுத்து அவன் பையில் வைத்தேன். அவன் வெளியே எடுத்து மச்சு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, தன் ஸ்பைரல் நோட்டை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

“இப்பம் வேண்டாம்ல. மார்கழி முடியட்டும்.”